உயிரோடு இருந்தவனுக்கு எள்ளும் தண்ணீரும்

செந்தில்,

அது சாகவில்லையடா! நன்றாக இருக்கிறது! கண்ணை விழித்து, எழுந்து உட்கார்ந்து, தூக்கிக்கொண்டு போக வந்தவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டிவிட்டுத் தன் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். உன் மகள் இனியா பக்கத்து சீட்டில்தான் இருந்தாள், வேண்டுமானால் அவளையே கேட்டுக்கொள். எது சாகவில்லை என்று நீ நெற்றியைச் சுருக்குவது எனக்கு ஸ்ரீரங்கத்திலிருந்தே தெரிகிறது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தியேட்டரில் உனக்கு ஒரு இங்கிலீஷ் படம் காட்டினேனே, தமிழில் பேசவிட்டு ஓட்டினார்களே, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து வழிதவறிய ஒரு குட்டி ஆளை ஒரு சின்னப் பையன் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போடுவானே, அந்தக் குட்டி ஆள். அதைத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷமாக நம் வீட்டில் செத்தவர் கணக்கில் இருந்தவன் உயிரோடு இருக்கிறான்!

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். நேரில் வந்தால் இனியா ஹோம்வொர்க் எழுதுகிற சாக்கில் காதை நம் பக்கமே வைத்திருப்பாள். அதனால்தான் கடிதம். நாளைக்கு உன் அம்மா முறுக்கு டப்பாவோடு துவாக்குடிக்கு வருகிறாள், டப்பாவுக்கு அடியில் இது இருக்கும். முறுக்கை அப்புறம் கடிக்கலாம், முதலில் இதைப் படி. விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஜெர்மனிக்கு ஒரு மாத லீவுக்குப் போகிறோம் என்று இனியாவிடம் சொல்லி வைத்திருக்கிறாயே, அது வேண்டாம். அங்கேயே குடியிருக்கப் போகிறோம் என்ற உண்மையை வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் மாடி வீட்டு ஆயிஷா லீவுக்கு அறந்தாங்கிக்குக் கிளம்புகிறாள். அவள் திரும்பி வரும்போது கீழ் வீடு பூட்டிக் கிடக்கும். நடக்கக் கற்ற நாளிலிருந்து ஒரே தட்டில் தின்ற இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே பிரிந்துவிடுவார்கள். அதுதானே உன் திட்டம்? ஆயிஷாவின் அம்மா அப்பாவையும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். நீ இதை என்னிடம் சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "பிரமாதம்டா, அழுகை கிழுகை இல்லாம கிளம்பிடலாம்" என்றேன். அந்தப் பிரமாதத்தை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

அந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பழி என் தலையில்தான் விழுகிறது. நம் வீட்டில் யாரும் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்குத் தெரியும், படம் விட்டதும் அந்தக் கூட்டம் அப்படியே ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் படிக்கட்டில் வந்து தொங்கும் என்று. அதனால் முடிவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே நான் தொண்டையைக் கனைப்பேன். உடனே உன் அம்மா பையை எடுப்பாள், நீ செருப்பைத் தேடுவாய், மூன்று பேரும் குனிந்தபடியே வெளியே வந்துவிடுவோம். காலி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு! ராஜா மாதிரி காவேரிப் பாலத்தைத் தாண்டுவோம். மிச்சக் கதையை நான் பஸ்ஸில் சொல்வேன். பார்க்காத கதையை எப்படிச் சொல்வது? சொந்தமாகக் கட்டிவிடுவதுதான். வில்லனைத் திருவானைக்காவல் வரைக்கும் துரத்தி, அம்மா மண்டபத்து ஸ்டாப்பில் தீர்த்துக்கட்டுவேன். ஒரு படத்தில் கதாநாயகிக்கு நான் பண்ணி வைத்த கல்யாணத்தை நம்பி, உன் அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். நிஜப் படத்தில் அந்தப் பெண் ரயிலேறிப் போய்விட்டாளாம். "இனிமே உங்க முடிவை வீட்டுக்குள்ளயே வச்சுக்குங்க" என்று அன்றைக்கு எனக்கு உத்தரவு. அதற்காக நான் கனைப்பதை விட்டேனா என்றால் இல்லை. கல்யாண வீட்டிலும் அப்படித்தான், முதல் பந்தியில் பாயசம் வந்ததும் எழுந்துவிடுவேன். உன் கல்யாண ரிசப்ஷனிலேயே கடைசி விருந்தாளி கைகழுவும் முன்பு நான் பாத்திரங்களை எண்ண ஆரம்பித்ததை மருமகள் கவிதா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்தப் படத்துக்கும் அதே கதைதான். குட்டி ஆளும் அந்தப் பையனும் சிநேகமாகிறார்கள், வீடே அமளிதுமளிப்படுகிறது, நீ என் முழங்கையைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கிச் சிரிக்கிறாய். அப்புறம் அதற்கு உடம்பு முடியாமல் போகிறது. ஆஸ்பத்திரி மாதிரி ஏதோ ஒன்று, முகமூடி போட்ட ஆட்கள், குழாய்கள். அந்தப் பையன் அலறுகிறான். அது அசையாமல் படுத்திருக்கிறது. நான் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தேன், கனைத்தேன். நீ எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக நீ எழுந்திருக்கவில்லை. அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நீ என் தோளுக்குப் பின்னால் திரையையே பார்த்துக்கொண்டு வந்தாய். பஸ்ஸோ அன்றைக்கு ஏதோ விசேஷக் கூட்டத்தில் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் நீ. எனக்கு எரிச்சலான எரிச்சல். நீ விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாய், "அது பொழைச்சுக்குமாப்பா? அது பொழைச்சுக்குமா?" எத்தனை படத்துக்கு எத்தனை முடிவு கட்டியவன் நான்! அன்றைக்கு ஒன்றே ஒன்று கட்டியிருந்தால் போதும். கட்டவில்லை. "செத்துப்போச்சுடா, படம் அவ்ளோதான்" என்றேன். அதற்கப்புறம் நீ வாயைத் திறக்கவே இல்லை. பிள்ளை அடங்கிவிட்டான் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு உன்னை அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். என் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்து முடித்துவிட்டு, இன்னொரு முழுக்குப் போட ஆற்றில் இறங்கினேன். உன்னைப் படித்துறையில் துணிப்பை பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தேன். முங்கி எழுந்து பார்த்தால் உன்னைக் காணோம். நாலு படி மேலே ஒரு சாஸ்திரிகள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய், உள்ளங்கையில் எள். பக்கத்தில் உன் பிஸ்கட் பொட்டலம். அதுவும் படையலுக்காம்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை எள்ளைக் கையால் தொடலாமா? ஈர வேட்டியோடு ஏறி வந்து பளாரென்று ஒன்று வைத்தேன். படித்துறையே திரும்பிப் பார்த்தது. நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அந்த சாஸ்திரிகளும் கேட்டார். "நீங்கதானப்பா செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. அதுக்கு இங்க யாரு இருக்கா?"

சாஸ்திரிகள் பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பேர் கேட்டேன், தெரியாதுன்னான். ஊர் கேட்டேன், மேலேன்னு கையைக் காட்டினான். எல்லாரும் மேலேதானே போறான்னு நானும் ஆரம்பிச்சுட்டேன்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு, சினிமாவில் வந்த ஒரு வேற்றுக்கிரகத்து ஆசாமிக்கு என் பிள்ளை திதி கொடுக்க வந்திருக்கிறான் என்று விளக்கினேன். சிரிப்பார், அல்லது எழுந்து விரட்டுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. "குழந்தையை அடிக்காதீங்கோ. கேக்க நாதியில்லாதவாளுக்கும் ஒரு மந்திரம் இருக்கு. அவன் தொட வேண்டாம், நீங்க விடுங்கோ" என்றார். இத்தனை பேர் நடுவில் பிள்ளையை அடித்த வெட்கம் ஒரு பக்கம், உன் கன்னத்தில் என் விரல் பதிந்திருந்தது ஒரு பக்கம். உட்கார்ந்து விட்டேன், அந்த வேற்றுக்கிரகத்து ஆசாமிக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும். நீ பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் காவேரியில் போட்டாய். போட்டு முடித்த பிறகுதான் பல நாளாக இல்லாத சிரிப்பு உன் முகத்துக்கு வந்தது. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவா? அதற்கப்புறமும் நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் என் அப்பாவுக்கு விட்ட பிறகு அதற்கும் ஒரு பிடி. நீ காலேஜுக்குப் போன பிறகும், உனக்குக் கல்யாணமாகி இனியா பிறந்த பிறகும். "உங்களுக்குப் பைத்தியமா?" என்று உன் அம்மா கேட்பாள். இருந்துவிட்டுப் போகட்டுமே. நீ விட ஆசைப்பட்டது, உன்னால் விட முடியாது, அதனால் நான் விட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் கை அரிக்கும். நீ கோயம்புத்தூர் காலேஜில் சேரப் போன அன்று ஜங்ஷனில் உன்னை ரயிலேற்றிவிட்டு, வண்டி கிளம்பும் முன்பே நான் பிளாட்பாரத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸுக்குக் கூட்டம் வந்துவிடும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். பகல் பதினொரு மணிக்கு எந்தக் கூட்டம்? வண்டி நகர்வதையும் ஜன்னலில் உன் முகம் சின்னதாகிக்கொண்டே போவதையும் பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான். பயம்டா. வாழ்க்கை முழுதும் பஸ்ஸின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்து வந்திருக்கிறேன். நீ ஜன்னல் வழியாக என்னைத் தேடியதை உன் அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள். நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். இப்போது நீ ஆயிஷா ஊருக்குப் போகும்வரை காத்திருந்து டிக்கெட் போட்டிருக்கிறாய் பார், அது அச்சு அசல் என் வேலை. மூக்கும் முன்கோபமும்தான் என்னிடமிருந்து உனக்கு வந்தது என்று நினைத்திருந்தேன். இதுவும் வந்திருக்கிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன், அதைச் சொல்லத்தான் கை துடிக்கிறது. பழைய படங்களைப் புதுப்பித்துத் திரும்பப் போடுகிறார்களாம். அதே தியேட்டர், இப்போது ஏசி, குஷன் சீட்டு. பேப்பரில் அந்தக் குட்டி ஆளின் மூஞ்சியைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. வார லீவுக்கு வந்திருந்த இனியாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன் அம்மா முழங்கால் வலி என்று வரவில்லை. படம் அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் வயசாகியிருக்கிறது. நீ சிரித்த இடத்திலெல்லாம் இனியா சிரித்தாள், அதே மாதிரி என் முழங்கையைக் குலுக்கினாள். அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வந்தது. அது படுத்துவிட்டது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? கனைத்தேன்! வேண்டுமென்று செய்யவில்லை, தொண்டை தானாகச் செய்தது. எழுந்தும்விட்டேன், குடை கையில். இனியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, உக்காருங்க. மறைக்குது." நான் "அது செத்துப்போச்சும்மா, போலாம் வா" என்றேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க முழுசாப் பாத்தீங்களா?" என்றாள். பின்னால் இருந்தவரும் "பெரியவரே, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

செந்தில், அது கண்ணைத் திறந்தது! முதலில் நான் நம்பவில்லை, டப்பிங் செய்தவர்கள் ஏதோ சேர்த்துவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். அப்புறம் பேசியது, அசைந்தது, தியேட்டரே கை தட்டியது, நான் என்னை மறந்து விசில் அடித்தேன்! சர்வீஸில் இருந்தபோது பஸ்ஸை நிறுத்த அடித்த விசில், பல்லெல்லாம் ஆடுகிற இந்த வயசில் எப்படி வந்ததோ தெரியவில்லை. இனியா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்து வந்த ஓட்டம் என்ன, துரத்தல் என்ன, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அதைத் தப்பவைத்த சாமர்த்தியம் என்ன! நான் காவேரிப் பாலத்தில் கட்டிய எந்த முடிவும் அதன் கால்தூசிக்கு ஆகாது. நான் சீட்டின் நுனியில், வாயைப் பிளந்தபடி. கடைசியில் அதன் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். அது போகத்தான் வேண்டும். பையனும் அதுவும் எதிரெதிரே நிற்கிறார்கள். நான் மறுபடி எழுந்துவிடுவேனோ என்று எனக்கே பயம், சீட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் அவசரப்படவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டார்கள், கட்டிக்கொண்டார்கள். அப்புறம்தான் அது போனது. பையன் அழுகிறான், ஆனால் உடைந்து போகவில்லை. நிமிர்ந்து நின்று கடைசிவரை பார்க்கிறான். எனக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகுகிறது, இனியா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அவள் அழவில்லை. அந்தப் பையனையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் உன் அம்மாவுக்குப் போன் போட்டு "பொழைச்சிருச்சு!" என்று கத்தினேன். அவள் பதறிவிட்டாள். "யாருங்க? பெரிய மச்சானா? ஆஸ்பத்திரியில சேத்ததே எனக்குச் சொல்லலையே!" என்கிறாள். விளக்கிச் சொன்னேன். அப்புறம் மெதுவாக, "அப்ப இத்தனை வருஷமா உயிரோட இருக்கிறதுக்கா எள்ளு விட்டீங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அம்மா மண்டபத்துக்குப் போனேன். அந்தப் பழைய சாஸ்திரிகள் இல்லை, அவர் பிள்ளை உட்காருகிறார். "சாமி, உயிரோட இருக்கிற ஒருத்தருக்குத் தெரியாம வருஷா வருஷம் எள்ளு விட்டுட்டேன். ஏதாவது பரிகாரம் உண்டா?" என்று கேட்டேன். "அவர் எங்க இருக்கார்?" என்றார். வெளியூர், ரொம்ப தூரம் என்றேன். "சௌக்கியமா இருக்காரோ?" சௌக்கியமாகத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார் என்றேன். "அப்போ கவலைப்படாதீங்கோ. அவருக்கு ஆயுசு கூடிடுத்துன்னு வச்சுக்கோங்கோ" என்று சிரித்துக்கொண்டே விபூதியைக் கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்தச் சந்தோஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வரும்போது நடந்ததைச் சொல்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உன் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை இப்போது உடைக்கிறேன், பரவாயில்லை. கூட்டமான கூட்டம். எல்லாரும் படத்தை முழுதாகப் பார்த்தவர்கள்! யாரோ ஒரு புண்ணியவான் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், இனியாவை மடியில் வைத்துக்கொண்டேன். பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அவள் ஆற்றைப் பார்த்தபடியே கேட்டாள். "தாத்தா, லீவுக்குப் போறவங்க யாராவது ஃப்ரிட்ஜை வித்துட்டுப் போவாங்களா?"

பழசாகிவிட்டது, அதனால் விற்றிருப்பார்கள் என்று ஏதோ உளறினேன். "பழசு இல்ல தாத்தா. பீரோவையும்தான் வித்தாச்சு. என் பட்டுப்பாவாடையெல்லாம் அம்மா யாருக்கோ குடுத்துட்டாங்க, திரும்பி வர்றதுக்குள்ள பத்தாமப் போயிடுமாம். ஒரு மாசத்துல எப்படித் தாத்தா பத்தாமப் போகும்?" உன் பெண்தானே, கணக்கு எங்கே போகும்! "அப்பாகிட்ட கேட்டியாம்மா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். "கேக்க மாட்டேன். கேட்டா அப்பா மறுபடியும் லீவுக்குத்தான்னு சொல்லுவாரு. அப்படிச் சொல்றப்ப அவர் மூஞ்சி பாவமா ஆயிடுது." ஆயிஷாவிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள், இவ்வளவு வயசாகியும் இது தெரியவில்லையா என்பது போல. "எனக்கே தெரியாதுல்ல தாத்தா? அப்புறம் நான் எப்படி அவகிட்ட சொல்றது?"

நீ அவள் அழக்கூடாது என்று பொய் சொல்கிறாய். உன் மூஞ்சி வாடக்கூடாது என்று அவள் தெரியாததுபோல் இருக்கிறாள். எட்டு வயசுப் பிள்ளை தன் அப்பனைப் பார்த்துக்கொள்கிறாள், அந்தச் செலவு ஆயிஷாவின் தலையில் விழுகிறது. எனக்கு அந்த பஸ்ஸிலேயே அழுகை வந்தது, ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை. "அப்பா எப்படியும் ஒருநாள் சொல்லிடுவாரு தாத்தா. அப்ப எனக்கு முன்னாடியே தெரியும்னு அவருக்குத் தெரியக் கூடாது. அதுக்கு ஒரு மூஞ்சி ரெடி பண்ணி வச்சிருக்கேன், பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துச் செய்து காட்டினாள். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் பழகினாளாம். மோசமான நடிப்புடா. எதிர் சீட்டு அம்மாள் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதனால் இப்படிச் செய். இதைப் படித்து முடித்ததும் மடித்துப் பையில் வை, இனியா கண்ணில் படவேண்டாம். சாயங்காலம் அவள் ஸ்கூல் விட்டு வந்து முகம் கழுவியதும் பக்கத்தில் உட்காரவைத்து, நீயே உன் வாயால் சொல்லு. அவள் அந்த மூஞ்சியைக் காட்டுவாள். உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, சிரித்தும் தொலைக்காதே. பழகியதெல்லாம் செய்து முடிக்கட்டும். முடித்த மறு நிமிஷம் செருப்புகூடப் போடாமல் மாடிக்குத்தான் ஓடுவாள். எங்கே போகிறாய் என்று கேட்காதே, சாப்பிடக் கூப்பிடாதே, கவிதாவையும் கூப்பிட விடாதே. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். இறங்கி வரும்போது கண் வீங்கியிருக்கும். தூக்கிக்கொள்.

அப்பா